ஆன் ஆகாத லேப்டாப் போர்டு: மின்சாரம் எந்த மதகில் நின்றது?

தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால், கொங்கு நாட்டு விவசாயி யாரும் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி வைண்டிங் கடைக்கு அனுப்பிவிடுவதில்லை. த்ரீ பேஸ் வந்திருக்கிறதா என்று மோட்டார் ரூம் சுவரில் இருக்கும் மூன்று பல்புகளைப் பார்ப்பார்; ஒன்று மங்கலாக எரிந்தால் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பார்; ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தும்போது உள்ளே காயில் 'டக்'கென்று இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்; ஓவர்லோட் ரிலே விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார். இத்தனையும் சரியாக இருந்து, மோட்டாருக்குப் போகும் ஒயரிலும் மின்சாரம் இருந்தால்தான் வைண்டிங் மேல் சந்தேகம் வரும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளையின் லேப்டாப் ஒரு நாள் காலையில் ஆன் ஆகவில்லை என்றால், சார்ஜர் குத்தியும் விளக்கு எரியாத அந்தக் கணத்திலேயே 'போர்டு போயிருச்சுங்க' என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் சிப் லெவல் சர்வீஸ் வேலை செய்பவன் என்ற முறையில், இந்தத் தீர்ப்பை நான் வாரத்தில் பல முறை கேட்கிறேன். போர்டில் எது கெட்டது என்பது இரண்டாவது கேள்வி. மின்சாரம் எதுவரை வந்து நின்றது என்பதே முதல் கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே கிடக்கும். இந்தக் கட்டுரை, மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்து, போர்டைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதப்பட்டது.

லேப்டாப் அடாப்டர் கொடுப்பது ஏறத்தாழ 19 வோல்ட். நிறுவனத்தைப் பொறுத்து 18.5 முதல் 20 வரை மாறும். ஆனால் போர்டில் இருக்கும் எந்த முக்கியச் சிப்பும் 19 வோல்ட்டை நேராக உண்பதில்லை. பிராசசருக்கு வேண்டியது ஏறத்தாழ 1 வோல்ட். டிடிஆர்4 ரேமுக்கு 1.2 வோல்ட், யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு 5 வோல்ட், மற்ற பல சிப்புகளுக்கு 3.3 வோல்ட். ஆகவே வருகிற 19 வோல்ட்டைப் பல சிறிய மின்னழுத்தங்களாகப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் போர்டின் பாதி வேலை. அவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடவும் கூடாது. ஒன்று வந்து நிலைத்த பிறகே அடுத்தது வர வேண்டும்.

கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. பவானிசாகரில் தண்ணீர் திறந்துவிட்டால், சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வாய்க்காலின் எல்லா மதகுகளும் ஒன்றாகப் பாய்ந்துவிடுவதில்லை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் விடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், கடைமடை வயலைத் தோண்டிப் பயனில்லை. கரையோரமாக மேலே நடந்துபோய், எந்த மதகு வரை தண்ணீர் இருக்கிறது, எதற்குக் கீழே காய்ந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். போர்டில் பிராசசர்தான் கடைமடை. ஆன் ஆகாத போர்டில் முதலில் பிராசசரைச் சந்தேகிப்பவர் கடைமடையைத் தோண்டுபவர்.

வாய்க்காலின் தலைமதகிலிருந்து வருவோம். சார்ஜர் குத்தும் ஜாக்கிலிருந்து 19 வோல்ட் முதலில் ஒரு ஃப்யூஸையும், பிறகு முதுகோடு முதுகாக வைக்கப்பட்ட இரண்டு மாஸ்ஃபெட்டுகளையும் கடக்கிறது. மாஸ்ஃபெட் என்பது இன்னொரு சிறு மின்னழுத்தத்தால் திறந்து மூடப்படும் மின் கதவு. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் ஒரு பக்கமாக மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்று இயல்பாகவே இருப்பதால், ஒரே கதவை வைத்து இரு திசையையும் அடைக்க முடியாது, அதனால்தான் இரண்டு. இந்தக் கதவுகளைத் திறக்கும் உத்தரவைத் தருவது சார்ஜிங் ஐசி என்ற சிப். வந்திருக்கும் மின்னழுத்தத்தில் ஒரு சிறு பங்கை இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாக ருசி பார்த்து, போதுமான அளவு இருக்கிறது என்று உறுதியான பிறகே அது கதவைத் திறக்கும். கதவைத் தாண்டி, மின்னோட்டத்தை அளக்க உதவும், 0.01 ஓம் போன்ற மிகச் சிறிய மதிப்புடைய சென்ஸ் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக, 19 வோல்ட் போர்டு முழுவதும் பரவும் பெரிய வாய்க்காலுக்குள் இறங்குகிறது. இதைக் கடைகளில் மெயின் லைன் என்றும் பி பிளஸ் என்றும் சொல்கிறோம்.

மெயின் லைனிலிருந்து முதலில் பிறப்பவை எப்போதும் இருக்கும் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும். நீங்கள் பவர் பட்டனைத் தொடாவிட்டாலும், சார்ஜர் குத்தியவுடன் இவை வந்துவிட வேண்டும். ஸ்டாண்ட்பை என்று சொல்வது இதைத்தான். இந்த 3.3 வோல்ட்டில் விழித்துக்கொள்வது இசி எனப்படும் கட்டுப்பாட்டுச் சிப். வீட்டுக்காரர்கள் தூங்கும்போதும் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும் காவல்காரரைப் போல, விசைப்பலகை, பேட்டரி, விசிறி, பவர் பட்டன் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பது அதுவே.

பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டன் வழியாக மோட்டாரின் மின்சாரம் போவதில்லை. பட்டன் காயிலுக்கு மட்டும் சொல்கிறது, காயில்தான் பெரிய கான்டாக்டை இழுக்கிறது. லேப்டாப் பட்டனும் அப்படியே. அதன் ஒரு காலில் பெரும்பாலும் 3.3 வோல்ட் நிற்கும். அழுத்தும்போது அது கிரவுண்டோடு, அதாவது போர்டின் பொதுவான சுழிய முனையோடு, சேர்ந்து சுழியமாகிவிடும். விட்டவுடன் மீண்டும் 3.3 ஆகும். இசி இந்தச் சரிவைக் கண்டு, பிராசசரை மற்ற பகுதிகளோடு இணைக்கும் சிப்செட்டுக்குத் தகவல் கொடுக்கிறது. சிப்செட் தன் உறக்கச் சமிக்ஞைகளை ஒவ்வொன்றாக விலக்குகிறது. அதைத் தொடர்ந்து ரேமுக்கான மின்னழுத்தம், இயங்குநிலை 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும், சிப்செட்டுக்கானது, கடைசியாகப் பிராசசருக்கானது என்று மதகுகள் முறைப்படி திறக்கின்றன. எல்லா ஐசிகளும் 'நலம்' என்று சொன்ன பிறகே ரீசெட் சமிக்ஞை விடுவிக்கப்பட்டு, பிராசசர், தொடக்க நிரல் இருக்கும் பயாஸ் சிப்பிலிருந்து தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கருப்புத் திரை.

போர்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். வேறொரு நல்ல அடாப்டரைக் குத்திப் பாருங்கள்; லோடு இல்லாதபோது 19 காட்டிவிட்டு, லோடு ஏறியவுடன் விழுந்துவிடும் அடாப்டர்கள் உண்டு. அடாப்டரின் உள்ளே மட்டும் கை வைக்க வேண்டாம். 230 வோல்ட்டைத் திருத்தியபின் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். லேப்டாப்பைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரில் மட்டும் முயன்று பாருங்கள். குழம்பிப்போன இசி இதிலேயே தெளிந்துவிடுவது உண்டு. விசிறி சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, திரை மட்டும் இல்லை என்றால், அது ஆன் ஆகாத போர்டே அல்ல; ரேமையும் திரையையும் பார்க்க வேண்டும். டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் இயந்திரத்துக்கு, நடுவில் குத்தும் சிறு டைப் சி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. டைப் சி எப்போதும் 5 வோல்ட்டில் தொடங்கி, போர்டு கேட்ட பிறகே 20 வோல்ட்டுக்கு ஏறும்; 5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், கேட்க வேண்டிய சிப் பேசவில்லை, அல்லது பேச விடாமல் ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

இனி மேசை மேல். இந்த வேலைக்கு மல்டிமீட்டருக்கு அடுத்தபடி வேண்டியது டிசி பவர் சப்ளை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தின் உச்ச வரம்பையும் நாமே வைக்கலாம் என்பது அதன் சிறப்பு. 19 வோல்ட், 1 ஆம்பியர் வரம்பு என்று வைத்து, ஜாக்கில் கொடுத்துவிட்டு ஆம்பியர் எண்ணைக் கவனித்தால், பாதிக் கதையைப் போர்டே சொல்லிவிடும். எண் 0.00 என்று அசையாமல் நின்றால், மின்சாரம் தலைமதகைத் தாண்டவில்லை. 0.01, 0.02 என்ற அளவில் நின்றால் பெரும்பாலும் ஸ்டாண்ட்பை வந்துவிட்டது. பட்டனிலோ அதற்கு அடுத்த கட்டங்களிலோ தேட வேண்டும். பட்டனை அழுத்தியதும் சற்று ஏறி, ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ திரும்ப விழுந்தாலோ, நடுவில் ஒரு மதகு திறக்கவில்லை. எண் வரம்பைத் தொட்டு, 19 வோல்ட் சரிந்து 1 வோல்ட்டுக்குக் கீழே போனால், நுழைவாயிலிலேயே ஷார்ட். இந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். எண்ணின் நடையைப் படிக்கப் பழக வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். "அண்ணா, மூணு கடையில காட்டிட்டனுங்க. போர்டு மாத்தோணும்னு சொல்லிட்டாங்க. உள்ள ப்ராஜெக்ட் இருக்குதுங்க" என்றார். போர்டைக் கழற்றிப் பார்த்தபோது சிப்செட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில், சால்டரிங்குக்குத் தடவும் ஃபிளக்ஸின் கறை இருந்தது. யாரோ ஹீட் கன் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பவர் சப்ளையில் கொடுத்தால் 0.00. ஜாக்கில் 19 வோல்ட். ஃப்யூஸின் இரு பக்கமும் 19. முதல் மாஸ்ஃபெட்டின் நுழைவில் 19. சென்ஸ் ரெசிஸ்டரில் சுழியம். கதவு மூடியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். மின்னோட்டம் இல்லை, ஆகவே ஷார்ட் இல்லை என்று முடிவுகட்டி, மாஸ்ஃபெட்டை மாற்றக் கிளம்பிவிடுவார்கள். கதவுக்கு அப்பால் ஷார்ட் இருந்தாலும் எண் 0.00 என்றே நிற்கக்கூடும். அந்தப் பக்கம் கோளாறு என்று கண்டால் சார்ஜிங் ஐசி கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. எனவே மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, கருப்புப் புரோபை ஒரு ஸ்க்ரூ ஓட்டையிலும் சிவப்புப் புரோபை சென்ஸ் ரெசிஸ்டரிலும் வைத்து ஓம் பார்த்தேன். 0.6 காட்டியது. புரோப் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் என் மீட்டர் 0.3 காட்டும்; அதைக் கழித்தால் மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.3 ஓம்தான் இருக்கிறது. நல்ல போர்டில் இது பல ஆயிரம் ஓம்கள் இருக்க வேண்டும்.

ஷார்ட் என்றவுடன் மின்சாரத்தைச் செலுத்திச் சூடு தேடிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். பிராசசருக்கு 1 வோல்ட் தயாரிக்கும் பகுதியில், 19 வோல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி விடும் மாஸ்ஃபெட் ஒன்று மேலே இருக்கும். அது குறுக்கே உருகிவிட்டிருந்தால் மெயின் லைனும் பிராசசரும் நேராக இணைந்திருக்கும். நாம் செலுத்துவது எல்லாம் பிராசசருக்குள் போகும். ஆகவே மெயின் லைனுக்கும் ஒவ்வொரு காயிலுக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். காயில் என்பது போர்டில் கருப்பு, சாம்பல் நிறத்தில் சதுரமாக உட்கார்ந்திருக்கும் கட்டி. ஒவ்வொரு மின்னழுத்தமும் அதன் வழியாகவே வெளிவருவதால், அளப்பதற்கு அதைவிட வசதியான இடம் போர்டில் இல்லை. அந்தப் போர்டில் பிராசசர் காயில்களுக்கும் மெயின் லைனுக்கும் இடையே 5 ஓமுக்கு மேலும், மற்றவற்றுக்கு ஆயிரங்களிலும் இருந்தது. பிராசசர் பாதுகாப்பாக இருக்கிறது.

அந்த 5 ஓமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல போர்டுகள் பல அதனால் குப்பைக்குப் போயிருக்கின்றன. மெயின் லைன் கிரவுண்டோடு ஒட்டிக் கிடந்ததால், அந்த எண் உண்மையில் பிராசசருக்கும் கிரவுண்டுக்கும் இடையே இருப்பது. பிராசசர் காயிலிலிருந்து கிரவுண்டுக்குப் பார்த்தால், கெடாத போர்டிலும் சில ஓம்களோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்தால் 'பீப்' அடிக்கும். அந்த ஒலியைக் கேட்டுப் பிராசசர் ஷார்ட் என்று தீர்ப்பெழுதுவது தவறு. ஒலியை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். முடிந்தால் அதே வகை நல்ல போர்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பிறகு பவர் சப்ளையை 1 வோல்ட், 3 ஆம்பியர் வரம்பு என்று வைத்து, சென்ஸ் ரெசிஸ்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே கொடுத்தேன். ஒரு லைனில் அதன் இயல்பான மின்னழுத்தத்தைவிட அதிகமாக ஒருபோதும் செலுத்தக் கூடாது. 19 வோல்ட் லைனுக்கு 1 வோல்ட் என்பது பயமில்லாத தொடக்கம். ஆம்பியர் எண் 3-ஐத் தொட்டு நின்றது. 3 ஆம்பியர் ஓடி, ஏறத்தாழ 0.9 வோல்ட் விழுகிறது என்றால், மூன்று வாட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பம் எங்கோ வெளிப்பட வேண்டும்; ஒயர்களில் கொஞ்சம் போனாலும், பெரும்பகுதி ஷார்ட் ஆன இடத்தில்தான். தெர்மல் கேமரா இருப்பவர்கள் அதில் பார்ப்பார்கள். நான் ஐபிஏ என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் போர்டில் தடவினேன். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், சால்டரிங் அயர்னைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். போர்டு முழுவதும் ஈரமாகப் பளபளத்தது. சில நொடிகளில், ஓரத்துக் காயில் ஒன்றின் பக்கத்தில் வரிசையாக இருந்த ஏழெட்டுக் கெப்பாசிட்டர்களில், இரண்டாவதன் மேல் மட்டும் ஈரம் வட்டமாக விலகி, மற்றவை நனைந்திருக்க அது மட்டும் காய்ந்து மங்கியது.

அரை அரிசி அளவுகூட இல்லாத பீங்கான் கெப்பாசிட்டர் அது. மெல்லிய உலோகத் தகடுகளும் பீங்கான் அடுக்குகளும் மாறி மாறி அடுக்கப்பட்ட பொருள் என்பதால், போர்டு சற்று வளைந்தாலும் உள்ளே விரிசல் விழுந்து, தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடலாம். இவை எல்லாம் மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பக்கம் பக்கமாக இணைந்திருப்பதால், ஒன்று உடைந்தால் போதும். கரை உடைந்த வாய்க்காலைப் போல மொத்த லைனும் வற்றிவிடும். ஹாட் ஏரில் அதைக் கழற்றியதும் மெயின் லைனின் ஓம் ஆயிரங்களுக்கு ஏறியது. 19 வோல்ட் கொடுத்தபோது எண் 0.02-இல் நின்றது. பட்டனை அழுத்தியதும் 0.1, 0.4, 0.9 என்று ஏறி இறங்கி ஆட, விசிறி சுற்றியது. அதே இடத்தில் 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தேன். அளவு ஒன்றுபோல இருக்கிறது என்று 6.3 வோல்ட் கெப்பாசிட்டரை 19 வோல்ட் லைனில் வைத்துவிட்டால், அதே வேலை சீக்கிரமே திரும்பி வரும்.

சிப்செட்டுக்குச் சூடு காட்டுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது. அளக்காமல் சூடு காட்டுவது வைத்தியம் அல்ல. சூட்டில் சில போர்டுகள் ஒரு வாரம் உயிர் பெறுவது உண்மைதான். அந்த ஒரு வாரத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் 3.3 வோல்ட்டே வராத போர்டில் சிப்செட்டைச் சூடாக்குவது, கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவதற்குச் சமம்.

ஷார்ட் இல்லாத போர்டுகளில் வேலை மெதுவாக நடக்கும். மெயின் லைன் 19 இருந்து ஸ்டாண்ட்பை 3.3 இல்லை என்றால், அதைத் தயாரிக்கும் ஐசிக்கு 19 வந்திருக்கிறதா, எனேபிள் என்ற அனுமதிச் சமிக்ஞை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஐசியைக் குறை சொல்ல வேண்டும். ஸ்டாண்ட்பை இருந்து பட்டனுக்குப் பதில் இல்லை என்றால், பட்டனில் 3.3 வோல்ட் நிற்கிறதா, அழுத்தினால் சுழியமாகிறதா என்று பாருங்கள். பட்டனின் ரிப்பன் ஒயர் சரியாக உட்காராததற்காகப் போர்டைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பட்டன் சரி என்றால் அடுத்த சந்தேகம் இசியும் பயாஸும். இந்தக் கட்டத்திலிருந்து ஸ்கிமேட்டிக் எனப்படும் சர்க்யூட் வரைபடம் இல்லாமல் நடப்பது இருட்டில் வரப்பில் நடப்பது போலத்தான். ஸ்கிமேட்டிக்கைத் தேடும்போது லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடாமல், போர்டிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடலுக்குள் வேறு வேறு போர்டுகள் வருவது வழக்கம்.

தண்ணீரோ டீயோ கொட்டிய போர்டுக்கு மட்டும் வரிசையை மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டாலும் ஸ்டாண்ட்பை மின்னழுத்தம் உள்ளே நின்றுகொண்டிருப்பதால், ஈரம் இருக்கும் இடத்தில் செம்பு அரித்துக்கொண்டே போகும். ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதால் ஈரம் குறையலாம். சர்க்கரையும் உப்பும் போர்டிலேயே தங்கும். பச்சை பூத்த இடங்களை ஐபிஏவால் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே அளக்கத் தொடங்குங்கள். பனியன் கம்பெனிகளிலிருந்தும் ஸ்பின்னிங் மில்களிலிருந்தும் வரும் லேப்டாப்புகளில், விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். போர்டைச் சரிசெய்துவிட்டு அதை எடுக்காமல் விட்டால், அதே சூடு அதே இடத்தை மீண்டும் தாக்கும்.

மின்சாரம் கொடுத்துக்கொண்டு அளக்கும்போது புரோப் வழுக்கினால் ஆபத்து. 19 வோல்ட் நிற்கும் மாஸ்ஃபெட் காலும் 1 வோல்ட் காயிலும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். இரண்டையும் ஒரு நொடி இணைத்துவிட்டால், சரியாகக்கூடிய போர்டு அந்த நொடியில் சரியாகாத போர்டாகிவிடும். ஊசி போன்ற முனையுள்ள புரோப் வாங்குங்கள்; ஒரு கையால் மட்டும் அளக்கப் பழகுங்கள். பிராசசரே ஷார்ட் ஆகியிருந்தால், பெரும்பாலான சமயங்களில் போர்டு மாற்றுவதுதான் வழி. அப்போதும், எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடிய வகை என்றால், உள்ளே இருக்கும் தரவுகளை வேறொரு கணினியில் எடுத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் உடனே மூடிவிடாமல், ஒரு மணி நேரமாவது லோடு கொடுத்து ஓடவிட்டு, பழுது பார்த்த இடம் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கடைசியில்தான் இணைக்க வேண்டும். பவர் சப்ளையில் 1 ஆம்பியரோடு நிறுத்து என்று நாம் வரம்பு வைக்கலாம். பேட்டரியில் அப்படி ஒரு குமிழ் கிடையாது. மறைந்திருக்கும் ஷார்ட் ஏதேனும் மிச்சமிருந்தால், பல ஆம்பியர்களை ஒரே மூச்சில் அதன் மேல் கொட்டிவிடும்.